அம்மாக்கண்ணுவின் பாதிக் கோபம்

வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் பொழுது போகவில்லை என்றால் அம்மாக்கண்ணுவின் கோபத்தைப் பற்றிப் பேசுவார்கள். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி யார் வீட்டுக்கு வழி கேட்டாலும், "கோவக்காரி அம்மாக்கண்ணு லயம் இருக்குல்ல, அதுக்கு அந்தப் பக்கம்" என்றுதான் தொடங்குவார்கள். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தவனை அவள் ஏசிய ஏச்சில், கட்டிய குழாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவன் நானுஓயாவுக்கே திரும்பிவிட்டான் என்று ஒரு கதை உண்டு. கதையில் பாதி புளுகு. ஆனால் அவன் திரும்பிப் போனது உண்மை.

அந்தக் கோபத்துக்கு நேரகாலம் இருந்தது. காலையில் கங்காணி ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவள் ஊமை மாதிரி நிற்பாள். மலையில் வெயில் ஏற ஏறக் கோபமும் ஏறும். பக்கத்து நிரையில் பறிப்பவள் இருமினால் குற்றம், சிரித்தால் அதைவிடக் குற்றம். சாயங்காலம் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு லயத்து வரிசை வீட்டுப் படி ஏறும்போது, அவள் முகத்தைப் பார்த்தே நாய்கள் எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுக்கும்.

புருஷன் சிவசாமி காய்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர், பயந்த மனிதர். அவள் வந்ததும் கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, அது தொண்டையில் இறங்கும்வரை வாய் திறக்கமாட்டார். மருமகள் சர்மிளா வந்த புதிதில் அவளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார். "மொதல்ல தேத்தண்ணிம்மா. சேதியெல்லாம் பொறவு." தேத்தண்ணி ஏன் வேலை செய்கிறது என்று கொடுத்தவரும் யோசிக்கவில்லை, குடித்தவளும் யோசிக்கவில்லை.

அம்மாக்கண்ணு பிறந்தது இதே லயத்தில்தான். பதினாறு வயதில் முதல்நாள் மலைக்குக் கிளம்பியபோது, விடிகாலையில் தண்ணீர்ச் செம்பைத் தூக்கியவளின் கையை அவளுடைய அம்மா தட்டிவிட்டாள்.

"குடிச்சிட்டுப் போனா பத்து மணிக்கு முட்டும். எங்க போயி ஒதுங்குவ?"

கேட்ட கேள்வியில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. மலையில் கக்கூஸ் கிடையாது. லயத்துக்கு இறங்கிப் போய் ஏறி வந்தால் அன்றைய கிலோ குறையும். தேயிலைக்குள் உட்காரலாம் என்றால் கீழ்மலையில் மருந்தடிக்கும் ஆண்கள், மேலே ரோட்டில் லொறிக்காரர்கள், மழைத்தண்ணீர் வடியும் கானுக்குள் அட்டை, தூருக்கடியில் குளவிக்கூடு. போதாததற்குக் கங்காணி. ஒரு தலை நிரையிலிருந்து மறைந்தால் போதும், "எவ அவ? எங்க ஒளிஞ்சா?" என்று மலை முழுக்கக் கேட்கக் கத்துவார். ஒரு பொம்பிளை ஒன்றுக்குப் போவதை ஊருக்கே அறிவித்துவிடுவார். இந்தத் தேயிலையைத் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் ஏற்றி விற்றவர்களில் ஒருத்தருக்காவது, அதைப் பறிக்கிறவளுக்கும் ஒரு மூத்திரப்பை இருக்கும் என்று தோன்றியிருக்கக் கூடாதா?

தோன்றவில்லை. ஆகவே அவள் அடக்கினாள். முதல் வாரம் அடிவயிறு கல்லாகிக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்புறம் அது வெறும் உறுத்தலானது. அடுத்த வருஷத்துக்குள் உறுத்தலும் போய்விட்டது. தாகம் அதற்கும் முன்பே போயிருந்தது. பசி மட்டும் கொஞ்ச காலம் வந்து வந்து பார்த்தது, அதையும் அவள் கண்டுகொள்ளவில்லை.

அதில் அவளுக்குப் பெருமையும் சேர்ந்துகொண்டது. தீபாவளிச் சாமான் வாங்க ஹட்டனுக்குப் பஸ்ஸில் போனால் மற்றப் பெண்கள் கடை கடையாக ஏறி "ஒரு நிமிசங்க, பின்னால கக்கூஸ் இருக்குங்களா" என்று கெஞ்சுவார்கள். அம்மாக்கண்ணு ரோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "எனக்கெல்லாம் வராது" என்பாள். கைவேகத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் மலையில் உண்டு. அவள் இதையும் சேர்த்துச் சொல்வாள்.

மகன் வினோஜன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அவன் கட்டிக்கொண்டு வந்த சர்மிளா வலப்பனை டவுனில் வளர்ந்த பெண், பஞ்சு மாதிரி பேச்சு, மலைவேலை தெரியாது. அவள் முதல்நாள் மலைக்குக் கிளம்பிய விடியலில் செம்பைத் தூக்கினாள். மாமியாரின் கை நீண்டு அதைத் தட்டிவிட்டது. அக்கறையோடுதான் தட்டியது. மருமகள் கெட்டிக்காரி, சீக்கிரம் பழகிவிட்டாள். கொஞ்ச நாளில் அவளும் "எனக்கு வரல மாமி" என்று சொல்லத் தொடங்கியபோது அம்மாக்கண்ணு அடுத்த நிரைக்காரியிடம் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

போன வருஷம் சர்மிளாவின் வயிற்றில் ஒன்று தரித்தது. குளிரும் காய்ச்சலுமாக அவள் சில நாட்கள் சுருண்டு கிடந்தாள். பிள்ளை தங்கவில்லை. லயத்தில் சிலர் கண்ணேறு என்றார்கள், சிலர் ஆற்றங்கரையில் அந்தி நேரத்தில் துணி துவைத்தாள் என்றார்கள். அம்மாக்கண்ணு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர்மேலும் கோபப்பட்டுக்கொண்டு திரிந்தாள். இப்போது சர்மிளா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை. இந்த முறை தங்கவேண்டும், அவ்வளவுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

பங்குனி வெயிலில் ஒருநாள் அம்மாக்கண்ணுவின் கோபம் காலையிலேயே வந்துவிட்டது. அதை யாராவது கவனித்திருக்க வேண்டும். சம்பலில் உப்பு என்று தட்டைத் தூக்கி வீசினாள். சிவசாமி வழக்கம்போலத் தேத்தண்ணியோடு வந்தார், அதையும் தட்டிவிட்டாள். அவள் உடம்பு நடுங்கியது. "கோவத்துல எப்பிடி நடுங்குறா பாரு" என்று பக்கத்து அறை, காம்பராக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆறட்டும் என்று அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார் சிவசாமி. இத்தனை வருஷம் அந்த வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஏச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை என்று வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

பகல் சாயும்போது ஏச்சு குழறியது. அவள் செத்துப்போன தன் அம்மாவை ஏசிக்கொண்டிருந்தாள். "செம்ப குடுடி" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சர்மிளாதான் கதவைத் தள்ளிக்கொண்டு போய் மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"மாமா! மாமிக்கு மேலெல்லாம் நெருப்பாக் கொதிக்குது! இது கோவமில்ல மாமா!"

த்ரீவீலில் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூத்திரப்பையில் தொடங்கிய கிருமி சிறுநீரகம்வரை ஏறி, இரத்தத்திலும் கலந்திருந்தது. நினைவு தெளிந்தபோது சிங்கள டொக்டர் கட்டிலருகே நின்று ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அதைத் தமிழில் கேட்டாள்.

"எத்தன நாளா வலிச்சிச்சுன்னு கேக்குறாரு."

"எனக்கு ஒண்ணும் வலிக்கலீங்க. கொஞ்சம் கோவமா இருந்திச்சி."

டொக்டர் நர்ஸின் முகத்தைப் பார்த்தார். நர்ஸ் அந்தப் பதிலை அப்படியே சிங்களத்தில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நர்ஸ் போகவில்லை.

அவள் பெயர் யூஜினா. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள், கழுத்தில் மாதா படம், நாக்கில் கொஞ்சம் மிளகாய். மலையிலிருந்து வரும் பெண்கள் இதே வியாதியோடு இதே வார்டுக்கு வந்து வந்து போவதைப் பார்த்து அவளுக்கும் எரிச்சல் ஏறிப்போயிருந்தது.

"முட்டுறது தெரியலையாக்கா உங்களுக்கு?"

"எனக்கெல்லாம் வராது மிஸ்."

"வராம எங்க போவும்? டியூப் போட்டதும் எவ்வளவு வந்திச்சின்னு தெரியுமா? உள்ள ஒரு கொடத் தண்ணிய வச்சிக்கிட்டு வராதுங்குறீங்க."

மறுநாள் மழை நேரத்தில், வார்டு சற்று ஓய்ந்திருந்தபோது, யூஜினா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்றேன் செஞ்சு பாருங்க. நெஞ்சுல கைய வைக்காதீங்க. நாடியப் புடிக்காதீங்க. கண்ண மூடிக்கிட்டு, இதயம் அடிக்கிறது உள்ளுக்குள்ளேயே தெரியுதான்னு பாருங்க. அடிக்க அடிக்க எண்ணுங்க."

அம்மாக்கண்ணு கண்ணை மூடினாள். தகரத்தில் மழை விழுவது கேட்டது. தள்ளுவண்டியின் சக்கரம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை அழுதது. உள்ளே மட்டும் ஒன்றுமே இல்லை, ஆள் குடிபெயர்ந்துபோன காம்பரா மாதிரி. எண்ணுவதற்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவளுக்குச் சுரீர் என்று வந்தது.

"உசிரோடதான இருக்கேன்? அடிக்காமலா இருக்கும்? என்னையப் பைத்தியம்னு நெனச்சீங்களா?"

"பாத்தீங்களா," என்று சிரித்தாள் யூஜினா, "கோவம் மட்டும் ஒடனே தெரியுது."

அப்புறம் அவள் கேட்டாள்: "உங்க லயத்துக்குக் கீழதான ரெயில் போவுது? ராத்திரி மெயில் போறப்ப முழிப்பு வருமா?"

"சத்தமே கேக்காது மிஸ். வந்த விருந்தாளிங்கதான் அலறிக்கிட்டு எந்திரிப்பாங்க."

"ரெயில் நின்னுபோச்சா? உங்களுக்குக் காது செவிடா?"

அம்மாக்கண்ணு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ரெண்டும் இல்லல்ல. இது நமக்கு வேணாத சத்தம்னு மூளை முடிவு பண்ணிருச்சி. உள்ளேருந்தும் அப்படித்தான்க்கா, நெஞ்சு, வயிறு, மூத்திரப்பை, எல்லாத்துலருந்தும் மூளைக்கு எந்நேரமும் சேதி போய்க்கிட்டே இருக்கு. அது எல்லாத்தையும் கேக்காது. எதுக்குக் காது குடுக்கணும்னு நம்ம பழக்கித்தான் வச்சிருக்கோம். நீங்க முப்பது வருசமா இப்ப வேணாம், இப்ப வேணாம்னு சொன்னீங்க. அது கேக்கறத வுட்டுருச்சி. ஆனா சேதி நிக்கல. உள்ள என்னமோ சரியில்லன்னு மட்டும் அதுக்குத் தெரியுது, என்னன்னு தெரியல. அப்ப முன்னால நிக்கிறவங்க மேல பாயிது. எல்லாருக்கும் இப்படின்னு சொல்லமாட்டேன். உங்களுக்கு இப்படித்தான்னு எனக்குத் தோணுது."

"காய்ச்சலும் அப்படியா?"

"உங்க மருமக எல்லாம் சொல்லிச்சி. அன்னிக்குக் காலையில நீங்க தட்ட வீசினது சம்பலுக்காகன்னா நெனக்கிறீங்க?"

அம்மாக்கண்ணு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இந்தக் கிருமி புள்ளத்தாச்சிக்கு வந்தா என்னாவும் மிஸ்?"

யூஜினா மறைக்கவில்லை. "அவங்களுக்கு லேசா வந்துரும். வந்தா மோசம். வயித்துல உள்ளதுக்கும் ஆபத்து." சர்மிளாவின் போன வருஷத்துக் காய்ச்சலைப் பற்றி அம்மாக்கண்ணு கேட்டதும், "அதனாலதானான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதுக்கா. இந்தத் தடவ வராம பாத்துக்கலாம். தண்ணி குடிக்கணும், அடக்கக் கூடாது" என்றாள்.

தோட்டத்து மிட்வைஃபும் சர்மிளாவிடம் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தாள். தண்ணி குடி என்றாள், அடக்காதே என்றாள். எங்கே போவது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது யூஜினா ஒரு வேலை கொடுத்தாள். "கோவம் வந்தா வாயத் தொறக்க முன்னாடி ஒருக்கா உள்ள எட்டிப் பாருங்க. நாக்கு காஞ்சிருக்கா, அடிவயிறு எறுகியிருக்கா, குளிருதா, பசிக்குதா. பாத்துட்டுப் பொறவு ஏசுங்க. நான் வேணாங்கல." ஏசவேண்டாம் என்று அவள் சொல்லாதது அம்மாக்கண்ணுவுக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் இருந்த நாட்களில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. எட்டிப் பார்ப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. ஒருநாள் சிவசாமி நனைந்த குடையை அரிசிப் பெட்டிமேல் வைத்துவிட்டார். அவளுக்குக் காதுவரை ஏறியது. "யோவ்" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. செம்பை எடுத்துக் குடித்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றில், எங்கோ தூரத்தில் யாரோ கதவு தட்டுவது மாதிரி, மெல்ல ஏதோ ஒன்று. லயத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தாள். குடை அரிசிப் பெட்டிமேல் அப்படியே சொட்டிக்கொண்டிருந்தது. கோபத்தைக் காணவில்லை. தேடிப் பார்த்தாள், இல்லை.

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முப்பது வருசமா உங்கள ஏசுனதுல பாதி மூத்திரமாய்யா?"

சிரிக்கலாமா கூடாதா என்று சிவசாமிக்குத் தெரியவில்லை. பதனமாகக் கேட்டார். "அப்ப மீதிப் பாதி?"

"இருக்கு. அது எதுக்குன்னு பாக்கணும்."

அன்று அவள் வினோஜனை நினைத்தாள். சின்னப் பையனாக அவன் வாங்கிய அடியெல்லாம் சாயங்காலத்து அடி. காலையில் அவனை அடித்ததாக ஒரு நினைவும் இல்லை. அழுகை வந்தது. அது அழுகைதான் என்று தெரிந்தே அழுதாள்.

உடம்பு தேறியதும் மலைக்குப் போனாள். கூடைக்குள் ஒரு போத்தல் தண்ணீர். முதல் நாளே அவள் அதைக் குடிப்பதைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உச்சிப் பொழுதில் அடிவயிற்றில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு பேரை இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துத் திரையாகப் பிடிக்கச் சொல்லிக் கானுக்குள் இறங்கினாள். மேல் ரோட்டிலிருந்து எவனோ விசிலடித்தான். அவள் எழுந்து அவன் பரம்பரையையே இழுத்து ஏசிவிட்டு வந்து மறுபடி கூடையை மாட்டினாள்.

"சர்மிளா, நீயும் போயிட்டு வா. நாங்க புடிக்கிறோம்."

"எனக்கு வரல மாமி."

சர்மிளாவின் உதடு வெடித்திருந்தது. பறித்துக்கொண்டிருந்த கை நடுங்கியது. இடது கை அவளை அறியாமலே இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெண் சும்மா அவள் கூடையைச் சரிப்படுத்தப் போக, "என் கூடையில எதுக்குக் கைய வைக்கிறீங்க? அவங்கவங்க வேலையப் பாருங்க!" என்று சீறினாள். பஞ்சு மாதிரிப் பேசுகிற பெண். நிரையில் இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அம்மாக்கண்ணுவுக்கு மட்டும் அந்தக் குரல் நன்றாகத் தெரிந்த குரல். அவளுடைய சொந்தக் குரல்தான் அது.

அப்போது நெஞ்சுக்குள் ஏதோ இடித்தது. திரும்பவும் இடித்தது. தடதடவென்று அடித்துக்கொண்டே போனது. ஒரு நொடி அவளுக்கு என்னவென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இதயம் அடிப்பது உள்ளுக்குள்ளேயே தெரிகிறது. அவள் பயந்துபோயிருக்கிறாள்.

"கூடைய தூக்கு" என்றாள். "மடுவத்துக்குப் போவோம்."

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு கக்கூஸ் உண்டு. வெளிநாட்டிலிருந்து தோட்டம் பார்க்க ஆட்கள் வந்தபோது அவசர அவசரமாகக் கட்டினார்கள். நீலக் கதவு, கதவில் கூடை சுமக்கும் பெண்ணின் படம். வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் பூட்டு விழுந்தது. சாவி கண்டாக்கு றோலண்டின் பையில். மேல் டிவிசன் மலைக்கு அவர்தான் பொறுப்பு.

மதியக் கொழுந்து நிறுக்கும் நேரம். தராசுக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அம்மாக்கண்ணு சர்மிளாவைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டி முன்னால் போனாள்.

"ஐயா, சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"கக்கூஸ் எதுக்குங்க? சாமி கும்புடவா?"

வரிசையில் சிரிப்பு ஓடியது. றோலண்டின் முகம் சிவந்தது. "அது ஆபீஸ் ஆளுங்களுக்கு. தண்ணி லைனும் இன்னும் வரல. இவ்வளவு பெரிய மலை கெடக்கு, போயி ஒதுங்கிக்க வேண்டியதுதான? இத்தன வருசம் நீங்கள்லாம் எப்படிப் போனீங்க?"

"போகல" என்றாள் அம்மாக்கண்ணு. "அதத்தாங்க சொல்ல வந்தேன். இத்தன வருசமா நாங்க போகல."

சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒங்கோவத்தயெல்லாம் வீட்டுல சிவசாமிகிட்ட வச்சிக்க, அம்மாக்கண்ணு. இது வேலை செய்யிற எடம்."

எல்லோரும் அவள் வெடிப்பாள் என்று காத்திருந்தார்கள். அவள் கண்ணை மூடினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நாக்கு ஈரமாக இருந்தது, இப்போதுதான் குடித்திருந்தாள். அடிவயிறு லேசாக இருந்தது. பசி கொஞ்சம், அது ஓரமாக நின்றது. காய்ச்சல் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு அடியும் தெரிந்தது. ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது நடுவில் கோபம் இருந்தது. தண்ணீர் குடித்தும் போகாத கோபம், கானுக்குள் இறங்கி ஏறியும் போகாத கோபம். அம்மா கை தட்டிவிட்ட செம்பும், தங்காமல் போன பிள்ளையும், கதவில் வரைந்த படமும் அதற்குள் இருந்தன. மீதிப் பாதி இதுதான். முப்பது வருஷமாக இதைச் சிவசாமிமேலும் நாய்மேலும் வீணாக்கிவிட்டாளே என்று அவளுக்கு வயிறெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது அவள் குரல் ஏறவில்லை.

"சர்மிளா, வாம்மா. இப்பிடி உக்காரு. இந்தத் தராசுக்கு அடியில."

"மாமி..."

"உக்காரு. நாங்க சுத்தி நிக்கிறோம். ஐயா அதையும் நிறுத்துக் கணக்குல போட்டுக்கட்டும்."

அவள் இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து விரித்துப் பிடித்தாள். வரிசையில் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து தன் படங்கை அவிழ்த்தாள். அடுத்தவளும் வந்தாள். சர்மிளா சீறிவிழுந்தாளே, அந்தப் பெண்ணும் வந்தாள். தராசைச் சுற்றி, கறை பிடித்த படங்குகளால் ஒரு திரை எழுந்தது. பக்கத்தில் குவித்திருந்த பச்சைக் கொழுந்தைப் பார்த்து றோலண்ட் பதறிப்போனார்.

"ஏய், கொழுந்து! கொழுந்து நாசமாப் போயிரும்!"

"கொழுந்து நாசமாப் போறது மட்டும் ஒடனே தெரியுதுங்களா?" என்றாள் அம்மாக்கண்ணு.

சாவி தராசுத் தட்டில் வந்து விழுந்தது.

நீலக் கதவைத் திறந்தால் உள்ளே கூரைவரை உர மூட்டைகள். அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பீங்கான். ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. மற்றவர்கள் பேசாமல் மூட்டைகளை இழுத்து, றோலண்டின் மேசைக்கு முன்னாலேயே கொண்டுபோய் அடுக்கினார்கள். இரண்டு பேர் கீழே பீலிக் குழாயில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மாக்கண்ணு தன் போத்தலில் மிச்சமிருந்ததை மருமகளைக் குடிக்கவைத்து, அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"வரல மாமி."

"வரும். அடிவயித்துல கைய வச்சிக்கிட்டுச் சும்மா இரு. ஒண்ணும் அவசரமில்ல."

கொழுந்து லொறி வந்து ஹோர்ன் அடித்தது. "லொறி வந்திரிச்சி, நிறுக்க வாங்க" என்று றோலண்ட் கத்தினார். யாரும் அசையவில்லை. லொறிக்காரன் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அத்தனை பெண்களின் முகத்தையும் கண்டு, மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டான். அம்மாக்கண்ணு கதவில் சாய்ந்து தன் நெஞ்சடிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு உள்ளே சத்தம் கேட்டது. முதலில் சொட்டுச் சொட்டாக, அப்புறம் விடாமல், நீண்ட நேரம். மடுவத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

சர்மிளா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "எரியிது மாமி" என்றாள், சின்னக் குரலில்.

"தெரியுதுல்ல? அது போதும். நாளைக்குக் காலையிலயே டொக்டர்கிட்ட போறோம்."

றோலண்ட் சாவிக்காகக் கையை நீட்டினார். அம்மாக்கண்ணு அந்தக் கையைப் பார்த்தாள். சாவியைத் தன் மடியில் செருகி, முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

தராசுக்கு முன்னால் நின்ற வரிசை மெல்லத் திரும்பி நீலக் கதவின் பக்கம் வந்தது.